மண்ணை மறக்காத பாடநூல்: நிலச் சட்டம் கற்பிக்கும் நூல் எப்படி இருக்க வேண்டும்?

என் அண்ணன் மகள் சட்டக் கல்வியில் இரண்டாம் ஆண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மலாக்காவின் பாச்சாங்கில் எங்கள் வீட்டு மேசையில் நிலச் சட்டப் பாடநூலை விரித்து வைத்துத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். தேசிய நிலச் சட்டத்தின் 340ஆம் பிரிவை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அலமாரியிலிருந்து எங்கள் வீட்டு நில உரிமைப் பத்திரமான கிராண்டை எடுத்து அவள் முன் வைத்து, "இதில் என்ன எழுதியிருக்கிறது, சித்தப்பாவுக்குச் சொல்லும்மா" என்றேன். லோட் எண்ணையும் பரப்பளவையும் வாசித்தாள். 'ஷாரட் ஞாத்தா', 'செக்காத்தான் கெபெந்திஙான்' என்ற இரண்டு வரிகளில் வந்து நின்றுவிட்டாள். "சித்தப்பா, கிராண்டை நான் இப்பத்தான் முதல்முறையாப் பார்க்கிறேன். புத்தகத்துல இதோட படமே இல்லையே" என்றாள்.

அந்த இரண்டு வரிகளும்தான் அந்த நிலத்தின் தலைவிதி. முதலாவது, நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனை. இரண்டாவது, அதை யாரிடம், யார் அனுமதியோடு கைமாற்றலாம் என்ற கட்டுப்பாடு. நிபந்தனையை மீறினால் மாநில அரசு நிலத்தையே பறிமுதல் செய்ய முடியும். ஒரு மாணவி சட்டத்தின் மிகக் கடினமான பிரிவை மனப்பாடமாகச் சொல்கிறாள். சொந்த வீட்டுப் பத்திரத்தை வாசிக்கத் தடுமாறுகிறாள். குறை அவளுடையதன்று. நிலச் சட்டத்தைக் கற்பிக்கும் நல்ல பாடநூல் எது என்ற கேள்வி அன்றுதான் எனக்குள் விழுந்தது. இக்கட்டுரை அந்தக் கேள்விக்கான தேடல்.

பாடநூல் வந்த வழி

சொத்துச் சட்டத்தை நூலாக்கிக் கற்பிக்கும் மரபு நீண்டது. இங்கிலாந்தில் வில்லியம் பிளாக்ஸ்டன் எழுதிய சட்ட விளக்கவுரையின் இரண்டாம் தொகுதி 1766இல் வெளிவந்தது. அது முழுவதும் சொத்தைப் பற்றியது. சிதறிக் கிடந்த வழக்கங்களையும் தீர்ப்புகளையும் ஒரே கட்டடமாக எழுப்பிக் காட்டலாம் என்று அது மெய்ப்பித்தது. ஆங்கிலேயச் சொத்துச் சட்டம் பெரிய சீர்திருத்தம் கண்ட 1925இல் செஷயரின் நூல் வந்தது. 1957இல் மெகாரியும் வேடும் எழுதிய பெருநூல் வந்து, பல தலைமுறை மாணவர்களின் மேசையில் இடம் பிடித்தது. இவை ஆசிரியர் பேச, மாணவர் கேட்கும் நூல்கள். சட்டம் முழுவதையும் ஒழுங்குபடுத்தித் தருவது இவற்றின் வலிமை. அந்தச் சட்டத்தின்மீது சண்டை போட்ட மனிதர்கள் அடிக்குறிப்புக்குள் ஒதுங்கிவிடுவது இவற்றின் குறை.

அமெரிக்கா வேறு பாதையில் போனது. ஹார்வர்டில் கிறிஸ்டஃபர் லாங்டெல் 1871இல் ஒப்பந்தச் சட்டத்திற்கு ஒரு தீர்ப்புத் திரட்டு நூல் வெளியிட்டார். தீர்ப்புகளையே மாணவர் கையில் கொடுத்து, விதியை அவர்களே கண்டுபிடிக்க வைக்கும் முறை அது. சொத்துச் சட்டத்தில் அந்த மரபின் புகழ்பெற்ற நூல், டுகெமினியரும் கிரையரும் தொகுத்து 1981இல் வெளியிட்டது. இவ்வகை நூல் மாணவரைச் சிந்திக்க வைக்கும். ஆனால் வழிகாட்ட ஆசிரியர் இல்லாமல் தனியாகப் படிப்பவர் காட்டில் விடப்பட்டவர்போல் ஆகிவிடுவார்.

இந்தியாவில் இன்னொரு நல்ல வழக்கம் சட்டத்துக்குள்ளேயே இருந்தது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பல பிரிவுகளின் கீழே எடுத்துக்காட்டுகளைச் சேர்த்தே இயற்றப்பட்டது. 'அ' என்பவர் 'ஆ' என்பவருக்கு நிலத்தைக் கொடுக்கிறார், அப்போது இன்னது நடக்கும் என்று சட்டமே கதை சொல்லிவிடும். நமது தேசிய நிலச் சட்டத்தில் அந்த வழக்கம் இல்லை. ஆகவே எடுத்துக்காட்டுச் சொல்லும் கடமை முழுவதும் பாடநூலின் தோளில் விழுகிறது.

மலேசியாவின் நூல்கள்

தேசிய நிலச் சட்டம் 1965இல் இயற்றப்பட்டு 1966 ஜனவரி 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. நிலம் மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்றாலும், தீபகற்பம் முழுவதற்கும் ஒரே சட்டம் வேண்டும் என்பதற்காக நாடாளுமன்றம் இதை இயற்றியது. சபாவுக்கும் சரவாக்குக்கும் தனிச் சட்டங்கள் உண்டு. ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டொரன்ஸ் 1858இல் கொண்டுவந்த பதிவு முறைதான் இதன் முதுகெலும்பு. அம்முறையில் பதிவேடுதான் உரிமை. அதில் பெயர் ஏறியவரே உடைமையாளர்.

இந்தச் சட்டத்தைச் சுற்றி எழுந்த நூல்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். டேவிட் வோங் 1975இல் வெளியிட்ட, மலாய் மாநிலங்களின் நில உரிமையையும் நிலப் பரிமாற்றத்தையும் பற்றிய நூல் முதல் வகை. அது சட்டத்தின் வரலாற்றையும் தர்க்கத்தையும் ஆழத் தோண்டுவது. ஜூடித் சிஹோம்பிங் 1981இல் தந்த உரைநூல் இரண்டாம் வகை. பிரிவு பிரிவாக விளக்கம் சொல்வது, வழக்கறிஞருக்கு அன்றாடம் உதவுவது. தியோ கியாங் சூட்டும் காவ் லேக் டீயும் 1987இல் வெளியிட்ட, தீர்ப்புகளும் விளக்கமும் சேர்ந்த நூல் மூன்றாம் வகை; வகுப்பறைக்கென்றே அமைந்தது. மலேசிய டொரன்ஸ் முறை பற்றி சாலே புவாங் எழுதி, டேவான் பஹாசா டான் புஸ்தாகா 1989இல் வெளியிட்ட நூலையும் இவற்றோடு சேர்த்து வாசிக்க வேண்டும்.

ஒவ்வொன்றும் ஒரு பணியைச் செய்கிறது. மாணவருக்கோ மூன்று பணிகளும் வேண்டும். வரலாறு இல்லாமல் பிரிவு புரியாது, பிரிவு தெரியாமல் தீர்ப்பு புரியாது, தீர்ப்பு படிக்காமல் வாழ்க்கை புரியாது. இந்த மூன்றையும் ஒரு கயிறாகத் திரிக்கும் நூலே நல்ல பாடநூல். அந்தக் கயிற்றின் ஒரு முனை மண்ணில் கட்டப்பட்டிருக்க வேண்டும்.

முதல் தகுதி: நிலத்தின் கதையிலிருந்து தொடங்குவது

மலாக்காவில் வாழும் மாணவருக்கு இது தொலைவில் கிடக்கும் வரலாறு அன்று. இந்தச் சின்ன மாநிலத்தில் மலாய் வழக்கம், டச்சுக்காரர் கொடுத்த நிலக்கொடை, ஆங்கிலேயர் கொண்டுவந்த பத்திர முறை, டொரன்ஸ் பதிவு என்று நான்கு நிலச் சட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன.

மலாய் வழக்கப்படி, காட்டை வெட்டித் திருத்திப் பயிரிட்டவருக்கு அந்த நிலம் உரியது. பயிரிட்டுக்கொண்டே விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு கொடுத்துவரும் வரை அவரை யாரும் வெளியேற்ற முடியாது. இந்தப் பத்தில் ஒரு பங்கைக் கிழக்கிந்தியக் கம்பெனி மலாக்காவை ஒட்டிய நானிங் மக்களிடமும் கேட்டபோது, தலைவர் டோல் சைட் மறுத்தார். 1831இலும் 1832இலும் நானிங்கில் போரே மூண்டது. பின்னர் 1870இல் சாரிப் எதிர் மிச்சல் வழக்கில் தலைமை நீதிபதி பென்சன் மெக்ஸ்வெல் அந்த மலாய் வழக்கத்தைச் சட்டமாக ஏற்றுத் தீர்ப்பளித்தார். அவருடைய மகன் வில்லியம் மெக்ஸ்வெல் 1884இல் மலாய்க்காரரின் நில வழக்கங்களைப் பற்றி விரிவாக எழுதினார். டொரன்ஸ் முறையை இப்பக்கம் கொண்டுவர உழைத்தவரும் அவரே. தந்தையும் மகனும் நிலச் சட்டத்தின் இரு கரைகளில் நிற்கும் இந்தக் காட்சியை ஒரு பக்கத்தில் சொல்லிவிட்டால் மாணவர் ஆயுளுக்கும் மறக்க மாட்டார்.

பினாங்கும் மலாக்காவும் 1966 வரை பத்திர முறையில் இருந்தவை. அந்தப் பழைய உரிமைகளைப் புதிய பதிவேட்டுக்கு மாற்றவே இவ்விரு மாநிலங்களுக்கும் 1963ஆம் ஆண்டில் ஒரு தனிச் சட்டம் இயற்றப்பட்டது. மலாக்காவில் நிலம் வாங்குபவர் இன்றும் 'எம்.சி.எல்.' என்ற மூன்று எழுத்தைப் பார்க்கிறார். மலாக்கா வழக்கநிலம் என்று பொருள். அது பொதுவாக மலாக்காவில் வாழும் மலாய்க்காரருக்குள்ளேயே கைமாறும். மற்றவர் வாங்கத் தனி அனுமதி வேண்டும். விலை குறைவு என்று முன்பணம் கட்டிவிட்டு, பிறகு தலையில் கை வைப்பவர்களுக்கு அந்த மூன்று எழுத்தின் பின்னே நானிங் போரின் காலம் நிற்பது தெரியாது. பாடநூல் தெரியப்படுத்த வேண்டும்.

நம்மவர் கதையும் இதற்குள் இருக்கிறது. மலாக்கா நகரில் 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயம், மலாக்காச் செட்டிகளின் தலைவராக இருந்த தைவநாயகம் செட்டிக்கு டச்சு ஆட்சி வழங்கிய நிலத்தில் கட்டப்பட்டது. நிலக்கொடை என்றால் என்ன, சமயச் சொத்தை யார் பெயரில் வைப்பது, அதன் பொறுப்பாளர் யார் என்ற கேள்விகளைக் கற்பிக்க இதைவிட அருகில் கிடைக்கும் எடுத்துக்காட்டு ஏது?

இரண்டாம் தகுதி: சட்டம் மாறும் என்பதைக் காட்டுவது

நிலச் சட்டத்தில் பழைய பதிப்பு ஆபத்தானது. 340ஆம் பிரிவின் கதையே சான்று. பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் உரிமை அசைக்க முடியாதது என்று அப்பிரிவு சொல்கிறது. மோசடி, போலிக் கையெழுத்து போன்றவற்றால் வந்த உரிமையை ரத்து செய்யலாம் என்ற விதிவிலக்கும் அதில் உண்டு. நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கியவரைக் காக்கும் ஒரு வரி, மூன்றாம் உட்பிரிவின் முடிவில் இருக்கிறது. அந்த வரி யாரைக் காக்கிறது? போலியிடமிருந்து நேராக வாங்கியவரையா, அவருக்கு அடுத்து வாங்கியவரை மட்டுமா?

2000ஆம் ஆண்டு டிசம்பரில் அடோர்னா பிராப்பர்ட்டிஸ் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் நேராக வாங்கியவருக்கும் பாதுகாப்பு உண்டு என்றது. உண்மை உரிமையாளர் ஒன்றுமே அறியாதிருக்க, போலி ஆள் கையெழுத்துப் போட்டு விற்றாலும் நிலம் போய்விடும் என்ற நிலை வந்தது. பினாங்கு நிலத்தைப் பற்றிய அந்தத் தீர்ப்பு நாடெங்கும் நிலம் வைத்திருந்தவர்களைக் கலங்க வைத்தது. 2010 ஜனவரியில் டான் யிங் ஹோங் வழக்கில் அதே நீதிமன்றம் அந்த விளக்கம் தவறு என்று அறிவித்தது. பாதுகாப்பு அடுத்து வாங்கியவருக்கே உரியது என்று சட்டம் சரிசெய்யப்பட்டது.

இந்த ஒன்பது ஆண்டுகளில் வெளிவந்த பாடநூலை இன்று ஒரு மாணவர் பழைய புத்தகக் கடையில் வாங்கினால், தவறான சட்டத்தைப் படிப்பார். தேசிய நிலச் சட்டமே 2020இல் திருத்திய பதிப்பாக, 828ஆம் சட்டமாக வந்துவிட்டது. ஆகவே நல்ல நூல் முடிவை மட்டும் அச்சிட்டு நிறுத்தாமல், நீதிமன்றம் எந்த வரியை எப்படி வாசித்து வழி தவறியது, பிறகு எப்படித் திரும்பியது என்று காட்ட வேண்டும். அப்படிப் படித்தவருக்கு நாளை தீர்ப்பு மீண்டும் மாறினாலும் கால் தடுமாறாது. முடிவை மட்டும் மனப்பாடம் செய்தவர் புதிய பதிப்பு வரும் வரை காத்திருப்பார்.

மூன்றாம் தகுதி: காகிதத்தையும் மனிதரையும் சேர்த்துக் காட்டுவது

நிலச் சட்டம் படிவங்களில் வாழ்கிறது. பெயர் மாற்ற 14ஏ, வங்கிக்கு அடமானம் வைக்க 16ஏ, நிலம் கைமாறாமல் தடுக்கும் தனியார் கேவியட் போட 19பி. நிலவரி கட்டாதவருக்கு வரும் அறிவிப்பு 6ஏ. அதில் குறித்த காலத்துக்குள் கட்டாவிட்டால் நிலம் மாநில அரசுக்குப் போகும். இந்தப் படிவங்களை நிரப்பிய நிலையில் நூலில் அச்சிட வேண்டும். நில அலுவலகக் கவுண்டரில் முதன்முறை நிற்கும் இளம் வழக்கறிஞருக்கு நூறு பக்கக் கோட்பாட்டைவிட ஒரு நிரப்பிய படிவம் துணையாக இருக்கும்.

காகிதத்துக்குப் பின்னே மனிதர் இருக்கிறார். மலேசிய நிலச் சட்டத்தின் அடிப்படைத் தீர்ப்புகள் சிலவற்றின் பெயரிலேயே தமிழர் இருக்கிறார்கள். 1951இல் வந்த வில்கின்ஸ் எதிர் கண்ணம்மாள் வழக்கை எல்லா மாணவரும் படிக்கிறார்கள். டொரன்ஸ் முறை நிலத்தைக் கைமாற்றும் ஒரு முறைதான், அது நியாயமுறைச் சட்டத்தின் கோட்பாடுகளைத் துடைத்தெறிந்துவிடவில்லை என்பது அங்கே நிலைநாட்டப்பட்டது. கேவியட் போட்டவர், விசாரிக்கத்தக்க ஒரு பெரிய வினா தம் பக்கம் இருப்பதை நீதிமன்றத்துக்குக் காட்ட வேண்டும் என்ற விதியை 1979இல் எங் மீ யோங் எதிர் லெட்சுமணன் வழக்கில் பிரிவி கவுன்சில் வகுத்தது. கண்ணம்மாளும் லெட்சுமணனும் வெறும் மேற்கோள் எண்களாகச் சுருங்கிவிடக் கூடாது. எந்த நிலம், என்ன ஒப்பந்தம், எங்கே தகராறு முளைத்தது என்று நான்கு வரி எழுதினால் விதி தானாகவே நெஞ்சில் தங்கும்.

கிராண்டை வைத்துப் பணம் வாங்குவது நம் குடும்பங்களில் பழைய பழக்கம். கடன் கொடுத்தவர் கிராண்டைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டால் போதும் என்று நினைப்பார். 281ஆம் பிரிவோ, கிராண்டைப் பெற்றவர் அதற்குரிய கேவியட்டையும் பதிந்தால்தான் நிலத்தின்மீது பற்றுரிமை உண்டாகும் என்கிறது. பெட்டியில் இருக்கும் காகிதத்துக்கும் பதிவேட்டில் ஏறிய வரிக்கும் உள்ள தூரத்தை இந்த ஒரே எடுத்துக்காட்டு விளக்கிவிடும்.

நான்காம் தகுதி: நிலம் இல்லாதவரையும் பேசுவது

இதுவே என் மனத்துக்கு மிக நெருக்கமானது. பெரும்பாலான நூல்கள் உடைமையாளரிலிருந்து தொடங்கி உடைமையாளரிலேயே முடிகின்றன. ஆனால் மலாக்காவில் ரப்பர் வரலாறு தொடங்கியதிலிருந்தே நிலத்தில் உழைத்தவர் வேறு, கிராண்டில் பெயர் உள்ளவர் வேறு. டான் சாய் யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். அடுத்து புக்கிட் அசஹானில் பெருந்தோட்டம் எழுந்தது. பிற்காலத்தில் மலாக்காத் தோட்டங்களின் லயங்களில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. பால் வெட்டின, கோயில் கட்டின, பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பின. அந்த நிலத்தில் அவர்களுக்கு இருந்த உரிமை, வேலை இருக்கும் வரை வீட்டில் தங்கும் உரிமை மட்டுமே.

1950களில் வெள்ளைக்காரர் தோட்டங்களை விற்றுத் துண்டாடியபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையும் வீடும் ஒருசேர இழந்தன. அதைப் பேராசிரியர் உங்கு அசிஸ் ஆராய்ந்து அறிக்கை எழுதினார். துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று, தொழிலாளர்களே பங்கு சேர்த்துத் தோட்டம் வாங்கலாம் என்று எடுத்துச் சொல்லி 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை அது வாங்கியது. பின்னர் தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ பிரிவு சேர்ந்தது. 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தை விற்கத் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்பது அதன் சாரம். இந்தப் பிரிவைத் தனியாக வாசித்தால் வறண்ட விதி. துண்டாடலின் கண்ணீரோடு வாசித்தால், சட்டம் ஏன் பிறக்கிறது என்ற பாடம்.

பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டால் நிலம் சொந்தமாகிவிடும் என்ற நம்பிக்கை இந்தியாவிலிருந்து நம்மோடு கப்பலேறி வந்தது. அங்கே காலவரம்புச் சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. இங்கே இல்லை. 341ஆம் பிரிவு, எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் உடைமையாளரின் உரிமை போகாது என்கிறது. அரசு நிலத்துக்கும் அதேதான், 48ஆம் பிரிவின்படி. டி.ஓ.எல். என்று நாம் சொல்லும் தற்காலிக உரிமம் அந்த ஆண்டின் டிசம்பரைத் தாண்டாது. பெற்றவர் இறந்தால் அதுவும் முடியும், பிள்ளைக்குப் போகாது. இது தெரியாமல் சேமிப்பு முழுவதையும் செங்கல்லாக்கி வீடு கட்டியவர்கள், கோயிலுக்குக் கோபுரம் எழுப்பியவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! உடைமையாளர் அத்தியாயத்துக்குத் தரும் பக்கங்களில் பாதியையாவது உரிமம் பெற்றவருக்கும், வாடகைக்காரருக்கும், தோட்டவாசிக்கும் நல்ல பாடநூல் தர வேண்டும். வழக்கறிஞர் கதவைத் தட்டப்போகிறவர்களில் பலர் அவர்கள்தாம்.

ஐந்தாம் தகுதி: சொல்லைச் சரியாக வைப்பது

மலேசிய மாணவர் மூன்று மொழிகளில் நிலத்தைச் சிந்திக்கிறார். சட்டம் மலாயிலும் ஆங்கிலத்திலும், வீட்டுப் பேச்சு தமிழில். தமிழுக்குச் சொத்துச் சொற்களில் பஞ்சமே இல்லை: கிரயம், ஒற்றி, போக்கியம், குத்தகை, வாரம், வில்லங்கம், மூலப்பத்திரம். ஆனால் இந்தச் சொற்கள் தமிழ்நாட்டின் பத்திர முறையில் வளர்ந்தவை. அங்கே பதிவாவது ஆவணம். அரசு அளிக்கும் பட்டா வருவாய்த்துறைக் காகிதம். இங்கே பதிவேடே உரிமை. கிராண்டைப் பட்டா என்று மொழிபெயர்த்தால் மாணவர் தவறாகவே புரிந்துகொள்வார். அதுபோல இங்குள்ள அடமானத்தில் நிலத்தின் உரிமை வங்கிக்குப் போவதில்லை. கடன் கட்டத் தவறினால் நீதிமன்றம் அல்லது நில நிர்வாகி ஆணைப்படி ஏலத்துக்குத்தான் போகும். அந்த ஏலத்தை நாம் 'லெலோங்' என்கிறோம். மலாக்காவை ஆண்ட போர்த்துகீசியரின் மொழியிலிருந்து மலாய்க்கு வந்த சொல். எந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வது, எதற்குத் தமிழ்ச்சொல் பொருந்தும், எங்கே பொருந்தாது என்று விளக்கும் ஒரு சொல்லகராதி நூலின் இறுதியில் இருந்தால் பெரிய கொடை.

நிறைவாக

புக்கிட் பெருவாங்கில் மல்டிமீடியா பல்கலைக்கழகத்தின் சட்டப்புலம் இருக்கிறது. பாச்சாங்கிலிருந்து எட்டிவிடும் தூரம்தான். அங்கு படிக்கும் பிள்ளைகளில் சிலராவது தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகளாக இருப்பார்கள். தாத்தா வாழ்ந்த லயம் எந்தச் சட்டப்பிரிவின்கீழ் இல்லாமல் போனது என்பதை அவர்களின் பாடநூல் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் அவர்கள் நிலச் சட்டத்தைத் தேர்வுக்காக மட்டும் படிக்க மாட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு அண்ணன் மகள் கிராண்டை மறுபடி கையில் எடுத்தாள். நிபந்தனை வரியை மெல்ல எழுத்துக்கூட்டி வாசித்தாள். பிறகு பாடநூலில் நிபந்தனை மீறலைப் பேசும் 127ஆம் பிரிவின் ஓரத்தில், பென்சிலால் எங்கள் வீட்டு லோட் எண்ணை எழுதி வைத்தாள். அந்த நூல் அவளுக்குச் சொந்தமானது அப்போதுதான். இனி எழுதப்படும் நிலச் சட்டப் பாடநூல், அந்த லோட் எண்ணுக்குரிய இடத்தை முதல் பக்கத்திலேயே விட்டுவைக்கட்டும்.